ஆறு நாள் அனுபவம்

மணிமாறன் முதல் தடவை விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிய அன்று, தனக்குத் தொழில் தெரியும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருடமாக அதில் அவனுக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் அவனுடைய கடை. எரிந்துபோன மோட்டாருக்குப் பழைய கம்பியை உருவிவிட்டுப் புது செம்புக் கம்பியில் காயில் கட்டித் தருவது தொழில். ஒலக்கூரிலிருந்து டிராக்டரில் கொண்டுவருவார்கள், அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். கட்டிக்கொண்டு போன மோட்டார் ஓடும். ஓடினால் தொழில் தெரியும் என்று அர்த்தம், இதற்கு மேல் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டான். பாவம், படிக்காதவன்.

விழுப்புரத்தில் அவன் போய் நின்ற இடத்தின் பெயர் 'அயலகப் பணி நாடுவோர் முன்திறன் மதிப்பீட்டு மையம்'. பெயர் நீளமாகிவிட்டதால் பலகை பக்கத்து ஜெராக்ஸ் கடையின் நெற்றி வரைக்கும் நீண்டிருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் அதை ஆட்சேபிக்கவில்லை. மையம் வந்த பிறகு அவர் மூன்று மிஷின் வாங்கியிருந்தார்.

அவன் அங்கே வந்ததற்குக் காரணம் சித்ரா. மணிமாறனின் மனைவி. திண்டிவனத்தில் ஒரு லேபில் பதினோரு வருடம் ரத்தம் எடுத்தவள். குழந்தைகளுக்குக்கூட ஊசி ஏறியது தெரியாமல் எடுப்பாள் என்று பேர். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஏஜென்ட் வந்து, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாட்டில் கிளினிக் வேலை, இங்கே வாங்குவதைப்போல ஆறு மடங்கு என்றான். போய் இறங்கியதும் அவளுடைய டிப்ளமோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது இந்த நாட்டில் செல்லாது என்று சொல்லி, கிளினிக் முதலாளியின் வீட்டில் பாத்திரம் தேய்க்க அனுப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட் முதலாளியின் பீரோவில். ஒப்பந்தம் ஜூன் முப்பதாம் தேதி முடியும். முதலாளி விடுவிக்காவிட்டால் தானாகவே இன்னும் இரண்டு வருடம் நீளும். முதலாளிக்கு விடுவிக்கும் எண்ணம் இல்லை. சித்ரா பாத்திரம் சுத்தமாகத் தேய்ப்பாள்.

தப்பிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த நாட்டில் டெக்னீஷியனாக வேலைக்குப் போகிறவன் தன் பெண்டாட்டியைத் தன் விசாவுக்கு மாற்றிக்கொள்ளலாம், எந்த முதலாளியும் தடுக்க முடியாது. ஹெல்பராகப் போகிறவனுக்கு அந்த உரிமை கிடையாது. சம்பளமும் மூன்றில் ஒரு பங்கு, தூங்குவதற்கு எட்டுப் பேர் அறையில் ஒரு மேல்கட்டில். அங்கே ஒரு பம்ப் சர்வீஸ் கம்பெனிக்காரர்கள் மணிமாறன் காயில் கட்டுவதைப் போனில் பார்த்தே டெக்னீஷியன் வேலைக்கு ஒப்புக்கொண்டார்கள். விழுப்புரம் மையத்தின் திறனாளி அட்டை மட்டும் வேண்டும், ஜூன் முப்பதுக்குள். கம்பெனிக்காரன் அதைக் கடைசியில், ஒரு சின்ன விஷயம் என்றுதான் சொன்னான்.

கவுண்டரில் அஸ்வினி என்ற பெண் இருந்தாள்.

"தொழில் என்னாண்ணா?"

"மோட்டார் காயில் கட்றதும்மா."

"எத்தினி வருஷம்?"

"இருவத்திரண்டு."

"எங்க?"

"என் கடையிலதான்."

"அங்க முதலாளி யாரு?"

"நாந்தாம்மா."

அஸ்வினி பேனாவை மூடி வைத்துவிட்டாள். "நீங்க சுப்பராயலு சாரைப் பாருங்க," என்றாள். ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னாள்.

சுப்பராயலு துணை மதிப்பீட்டாளர். மேசையில் நாலு வண்ண மையில் ஸ்டாம்ப் பேடு வைத்திருந்தார். அவர் கோபக்காரர் இல்லை. மணிமாறனை உட்காரச் சொன்னார், டீ சொன்னார், பிறகு விளக்கினார்.

"அனுபவச் சான்று முதலாளி குடுக்கணும், தொழிலாளி வாங்கணும். ரெண்டு கையெழுத்து. நீங்களே குடுத்து நீங்களே வாங்கினா அது சான்று இல்லீங்க, தற்பெருமை."

"என் கடைக்கி வந்து பாருங்க சார். நான் கட்ன மோட்டாரு சுத்துப்பட்டு ஊருல எல்லாம் ஓடிக்கினு இருக்குது."

"ஓடுறது மோட்டாரோட தகுதி. அதுல நான் குறுக்க வரல. உங்க தகுதி என்னா?"

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் மணிமாறனிடம் இப்படிப் பிரித்துக் கேட்டதில்லை.

"அப்ப நான் என்னா சார் பண்றது?"

"கடைய வேற ஒருத்தர் பேருக்கு மாத்துங்க. அவர்கிட்ட வேலைக்குச் சேருங்க. அவரு சான்று குடுக்கட்டும். இது ரொம்பப் பேரு பண்றதுதான்."

"என் வீட்டுக்காரம்மா பேருக்கு மாத்தலாங்களா?"

"எங்க இருக்காங்க?"

"அங்கதான் சார். அவளக் கூட்டியாரத்தான் இந்த அட்டையே கேக்கறேன்."

"அங்கேருந்து கையெழுத்து தூதரகம் வழியா வரணும். தூதரகத்துக்குள்ள போவ பாஸ்போர்ட் வேணும்." சுப்பராயலு டீயை உறிஞ்சினார். "பக்கத்துல யாராவது நம்பிக்கையான ஆளாப் பாருங்க."

நம்பிக்கையான ஆள் பார்த்திபன். மணிமாறன் கடைக்குப் பக்கத்துக் கடை, பி.வி.சி. பைப்பும் முழங்கை ஜாயிண்ட்டும் விற்கிறவர். மணிமாறனைவிடப் பத்து வயது மூத்தவர், அவன் கல்யாணத்துக்குப் பந்தல் பைப் இனாமாகக் கொடுத்தவர். விஷயத்தைக் கேட்டதும் பதறினார்.

"எனக்கு எதுக்கு மணி உன் கட? நான் பைப்பு விக்கிறவன்டா."

"சும்மா பேருக்குத்தாண்ணே. சித்ரா வந்துட்டா திருப்பி எழுதிக்கலாம்."

"அந்தப் பொண்ணுக்காகன்னா சரி," என்று கையெழுத்துப் போட்டார். நகராட்சி உரிமம், கரண்ட் கனெக்‌ஷன், வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஒரே நாளில் மாறின. அரசு அலுவலகங்களில் ஒருவன் தன் சொத்தை இழக்கிற வேலை எப்போதும் ஜல்தியாக நடக்கும். ஜூன் எட்டாம் தேதி காலையில் மணிமாறன் தன் கடையில் தானே வேலைக்குச் சேர்ந்தான். பார்த்திபன் கூச்சத்தோடு எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு பதினாலாம் தேதி மறுபடியும் விழுப்புரம் போனான்.

சுப்பராயலு கடிதத்தைப் படித்து மனமாரப் பாராட்டினார். ரெண்டு கையெழுத்து, ரெண்டு தேதி, ஒரு முத்திரை. "இத மாதிரி ஒரு நீட்டான லெட்டர் நான் இந்த மாசம் பாக்கல," என்றார். பிறகு விரல்விட்டு எண்ணினார்.

"அனுபவம் ஆறு நாள்."

"சார், இருவத்திரண்டு வருஷம்."

"வேலைக்குச் சேந்தது எட்டாந்தேதி. இன்னிக்கு பதினாலு. லெட்டர்ல நீங்களே போட்டிருக்கீங்க."

"அதுக்கு முன்னாடி நாந்தான சார் கட்னேன்?"

"அதுக்கு முன்னாடி நீங்க முதலாளி. முதலாளி வேலை செய்வார்னு எந்த விதியிலயும் இல்லியே."

மணிமாறன் கும்பிட்டே கேட்டான். கடையைத் திரும்பத் தன் பேருக்கே மாற்றிக்கொண்டால் ஏதாவது வழி உண்டா என்றான். சுப்பராயலு அவசரமாகக் கையை ஆட்டினார்.

"அந்தத் தப்ப மட்டும் பண்ணிடாதீங்க. இந்த ஆறு நாளும் பூடும்."

வெளியே வந்து ஜெராக்ஸ் கடை ஓரம் உட்கார்ந்தான். அவன் அழக்கூடிய ஆள் இல்லை, ஆனால் அன்றைக்கு அழுதான். ஜெராக்ஸ் கடைக்காரர் பழக்கப்பட்டவர்போல ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். தேதி பதினாலு. இன்னும் பதினாறு நாள்.

ஆறு நாள் அனுபவக்காரர்களுக்கும் ஒரு வாசல் திறந்துதான் இருந்தது. அதற்குப் பெயர் நேரடித் திறன் தேர்வு. பத்தொன்பதாம் தேதி தேர்வு. மணிமாறன் தன் கம்பி சுற்றும் கருவி, மூங்கில் குச்சி, கத்தரிக்கோல், நூல்கண்டு, செம்புக் கம்பி, வார்னிஷ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போனான். வாசலிலேயே பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"கருவி எதுவும் உள்ள எடுத்துக்கினு போவக் கூடாதுண்ணா," என்றாள் அஸ்வினி.

"கருவி இல்லாம எப்பிடிம்மா கட்றது?"

"கட்ட வேணாம். கம்ப்யூட்டர்ல தொட்டா போதும்."

கம்ப்யூட்டரில் ஒரு மோட்டார் படம் இருந்தது. கீழே கேள்வி: மோட்டாரில் தண்ணீர் வரவில்லை, முதலில் செய்ய வேண்டியது யாது? மேலாளருக்குத் தகவல் தருதல், பதிவேட்டில் குறித்தல், கையுறை அணிதல், இவை அனைத்தும். மணிமாறன் நாலையும் மூன்று தடவை படித்தான். கையைத் தூக்கி, கழற்றிப் பார்ப்பது என்று ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று சொன்னான்.

சுப்பராயலு நடந்து வந்தார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"கழட்டிப் பாக்கறது கையால செய்யிற வேலை மணிமாறன். கையால செய்யிறது உடலுழைப்பு. உடலுழைப்புன்னா ஹெல்பர். நீங்க அந்த பதிலச் சொன்னா நானே உங்கள ஹெல்பர்ல போட வேண்டியிருக்கும். உங்க நல்லதுக்குத்தான் அந்த ஆப்ஷனே வைக்கல."

"அப்ப டெக்னீஷியன் என்னா சார் பண்ணுவான்?"

"தெரிஞ்சி வச்சிருப்பான்."

இருபது கேள்விகளில் மணிமாறனுக்கு நாலு மதிப்பெண். அந்த நாலும் 'இவை அனைத்தும்' என்பதில் விரல் தவறிப் பட்டதால் வந்தவை. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், பி.காம்., வாழ்க்கையில் மோட்டாரை சுவிட்ச் போட்டு மட்டுமே அறிந்தவன், பதினெட்டு வாங்கினான்.

ஆனால் அன்று மதியம் மணிமாறனுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. வாய்ப்பு என்றுதான் அவன் நினைத்தான். மையத்தின் கக்கூஸில் பத்து நாளாகத் தண்ணீர் இல்லை. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரைக் குதிரைத்திறன் மோட்டார் எரிந்துபோயிருந்தது. ஒப்பந்தக்காரரை அழைக்கக் கோப்பு சென்னைக்குப் போயிருந்தது. மறுநாளோ மையத்தின் தலைவர் அந்தோணிசாமி முன்திறன் வாரவிழாவைத் தொடங்கி வைக்க வருகிறார், அவருக்குச் சர்க்கரை வியாதி.

சுப்பராயலு அவனைப் படிக்கட்டுக்குக் கீழே கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களால முடியுமா?"

"முடியும் சார். நான் செஞ்சேன்னு எழுதித் தருவீங்களா?"

"மொதல்ல தண்ணி வரட்டும்."

அட்டை கிடைக்காத ஒருவனின் கை மையத்தின் மோட்டாரில் படக் கூடாது என்பது விதி. அதனால் காவலாளி படிக்கட்டை மறைத்துக்கொண்டு நின்றான். பறிமுதலான பை திரும்ப வந்தது. மணிமாறன் கருகிய கம்பியை வெட்டி உருவி, சுற்று எண்ணி, காகிதம் மடித்துச் செருகி, புதிதாகக் கட்டினான். வார்னிஷ் காய்வதற்கு ஒரு அட்டைப்பெட்டிக்குள் நூறு வாட் பல்பு போட்டுக் கவிழ்த்து வைத்தான். மறுநாள் காலை பதினோரு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மாடியில் யாரோ கைதட்டினார்கள். வாழ்க்கையில் இத்தனை மோட்டார் கட்டியிருக்கிறான், ஒன்றுக்குக்கூட அவன் கும்பிட்டதில்லை. இதைக் கும்பிட்டான்.

விழா மூன்று மணிக்கு. அந்தோணிசாமி முகம் தெளிவாக, கை கழுவிவிட்டு மேடை ஏறினார். பேசினார்.

"ஒரு மனிதன் நாடு விட்டு நாடு போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போகிறான்? துணி, ஊறுகாய். இவற்றுக்கு எடை உண்டு. திறமைக்கு எடை கிடையாது. எடை இல்லாத ஒன்றை அந்த நாட்டான் எப்படி நம்புவான்? அதனால்தான் நாம் அதைக் காகிதமாக்குகிறோம். சென்ற ஆண்டு இந்த மையம் நாலாயிரம் பேரை மதிப்பிட்டது. அதில் மூவாயிரத்து அறுநூறு பேர் ஹெல்பர். இது நம் கண்டிப்புக்குச் சான்று. எல்லாருக்கும் திறமை இருக்கிறது என்று சொல்லிவிட்டால், பிறகு நாம் எதற்கு?"

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் ஒரு அட்டையை எடுத்தார். மையத்துக்கே பெரும் தொண்டாற்றிய ஒருவரை இந்த விழாவில் நேரடியாகத் திறனாளியாக அறிவிப்பதில் மகிழ்ச்சி என்றார். மணிமாறன் எழுந்து நின்றுவிட்டான்.

"திண்டிவனம், திரு. பார்த்திபன்," என்றார் அந்தோணிசாமி.

எப்படி என்றால், மோட்டார் சரிசெய்த செலவுக்கு ரசீது வேண்டியிருந்தது. ரசீது உரிமம் உள்ள கடையின் பேரில்தான் இருக்க முடியும். கடை பார்த்திபன் பேரில் இருந்தது. உரிமத்தில் கடை தொடங்கி இருபத்திரண்டு வருடம் என்றும் இருந்தது. அரசுப் பணியும் முடித்துக் கொடுத்த கடை. இதைவிடத் தகுதி யாருக்கு வரும்? விழா அழைப்பு தண்ணீர் வந்ததுமே போனில் போயிருந்தது. பைப் விற்ற கையோடு வந்திருந்த பார்த்திபன், மேடையில் சால்வையோடு மிரண்டுபோய் நின்றார்.

மணிமாறன் மேடைக்கே போய்விட்டான்.

"ஐயா, அதக் கட்னது நானு. இந்த சார கேளுங்க."

சுப்பராயலு மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தோணிசாமி பொறுமையாகக் கேட்டார், கோப்பைப் புரட்டினார்.

"நீங்க அங்க வேலைக்குச் சேந்து பன்னெண்டு நாள் ஆவுது. கரெக்டா?"

"கட என்னுதுங்கய்யா. இருவத்திரண்டு வருஷமா என்னுது."

"கடைய நீங்களே விருப்பப்பட்டு எழுதிக் குடுத்திருக்கீங்க. கடைன்னா நாலு சுவரு மட்டுமா தம்பி? அதோட அனுபவமும் சேத்துத்தான் போவும். அனுபவத்த ஒருத்தருக்குக் குடுத்துட்டு, திரும்ப வந்து எனக்கும் இருக்குதுன்னு கேட்டா, ஒரே அனுபவத்துக்கு ரெண்டு அட்ட போட முடியுமா?"

"என் பொண்டாட்டி அங்க மாட்டிக்கினு இருக்கறாங்கய்யா. முப்பதாந்தேதியோட..."

"அதுக்கு ஹெல்பர் அட்ட இன்னிக்கே போட்டுத் தரச் சொல்றேன்," என்றார் அந்தோணிசாமி, தாராளமாக. அஸ்வினி பத்தே நிமிடத்தில் போட்டுத் தந்தாள். முன்திறன் என்ற இடத்தில் 'இல்லை' என்று அச்சாகியிருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பார்த்திபன் சால்வையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே வந்தார். விக்கிரவாண்டி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"உன் கம்பெனிக்காரன் போன் பண்ணான் மணி, மையத்துலேருந்து என் பேர அனுப்பிட்டாங்களாம். அவங்களுக்கு அட்டைதான் கணக்காம். வாங்கன்றான்."

மணிமாறன் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தான்.

"மேற்பார்வதான், கையே வக்க வேணாம்னு சொல்றான். உன் அண்ணி கிளியம்மாளையும் கூட்டிக்கினு போலாமாம். அவ ஏரோப்ளேன்னா பயந்து சாவறா. ஆனா பையன் இப்பவே ஊரெல்லாம் சொல்லிட்டான்." சால்வையை இன்னொரு மடிப்பு மடித்தார். "கூட ஒரு ஹெல்பர் வேணுமாம். தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லதுன்றான். காயில் எரிஞ்சா எனக்கு என்னாடா தெரியும்?"

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் மணிமாறனுக்கு அடிப்பதற்கு ஒரு ஆளாவது கிடைத்திருக்கும்.

"கடைய?" என்று கேட்டான்.

"பையன் பைப்பு குடோனா வச்சிக்கறேன்றான். நீ வந்ததும் பேசிக்கலாம்."

ஜூன் முப்பது வந்தது, போனது. சித்ராவின் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடத்துக்குத் தானாக நீண்டது. அவளுக்குப் போன் பேச விடுவது வெள்ளிக்கிழமை மட்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரர்கள் தூங்குகிற அரை மணி நேரம். அந்த வெள்ளிக்கிழமை மணிமாறன் கடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். சொந்தக் கடையைத் தொலைத்ததை மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

சித்ரா அழவில்லை. அவள் அழுது முடித்து நாலு வருடம் ஆகியிருந்தது.

"உங்க அட்டையில என்னா போட்டிருக்காங்க?"

"முன்திறன் இல்லன்னு."

"எனக்கும் அதான் போட்டாங்க."

"நான் வர்ல சித்ரா. வந்து என்னா புண்ணியம்? ஹெல்பருங்கள வெள்ளிக்கெழம மட்டுந்தான் வெளிய உடுவாங்களாம்."

"வெள்ளிக்கெழம என்னிய வெளிய உட மாட்டாங்க."

"அப்பறம் எப்பிடி பாக்கறது? ஒரே ஊருல இருந்துக்கினு மூஞ்சிகூடப் பாக்காம கெடக்கறதுக்கு நான் இங்கியே கெடக்கறேன்."

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"உங்க கம்பெனி பேரு திருப்பிச் சொல்லுங்க."

சொன்னான்.

"அந்த வண்டிதாங்க இந்த வீட்டுக்கு வரும். போன வருசம் மோட்டாரு எரிஞ்சப்ப வந்தாங்க. டெக்னீஷியன் ஹால்ல சோபாவுல உக்காந்து காப்பி குடிச்சான். ஹெல்பரு பின்னால கிச்சன் வழியா வந்தான். மூணு மணி நேரம் வேல செஞ்சான். நாந்தான் தண்ணி குடுத்தேன்."

மணிமாறன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

"மோட்டார எப்பிடிங்க எரிக்கறது?" என்றாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்தான். எதிரே அவன் கடைப் பலகையை இரண்டு பேர் ஏணி போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் குனிந்துகொண்டான். பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி போனை வாயோடு வைத்து, நிதானமாகச் சொல்லிக்கொடுத்தான். மோட்டாருக்குப் பக்கத்தில் பச்சை லைட்டோடு ஒரு சின்னப் பெட்டி இருக்கும், தண்ணீர் வராவிட்டால் மோட்டாரை நிறுத்துவது அதுதான், முதலில் மெயின் சுவிட்சை அணை, பெட்டியை விட்டுவிட்டு வயரை நேராகக் கொடு, தண்ணீர் வருகிற வால்வை மூடு, பிறகு சுவிட்சைப் போட்டுவிட்டு உன் வேலையைப் பார். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். ஒரு தடவை சொன்னதுமே பிடித்துக்கொண்டாள், தப்பில்லாமல்.

"எரிஞ்சதும் வால்வத் தெறந்துடு. மெயின அணச்சிட்டு பெட்டிய பழையபடி மாட்டிடு," என்றான்.

"சரிங்க." உள்ளே ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள். "எத்தினி நாளைக்கு ஒருவாட்டி எரிக்கலாம்?"

மணிமாறன் யோசித்தான். மோட்டார் விஷயத்தில் அவன் யாருக்கும் பொய்க்கணக்குச் சொன்னதில்லை.

"ரெண்டு மாசத்துக்கு ஒன்னு," என்றான். "அதுக்கு மேல எரிஞ்சா புதுசு வாங்கிடுவாங்க."